தைரியநாதன் பார்க்காத கடைசி ரீல்

நடுப்பகல் மணியை மும்மூன்றாக அடித்து, கடைசியில் சேர்ந்தாற்போல் ஒன்பது அடித்து முடிக்க வேண்டும். வேதக்கோயிலில் மணியும் சாவியும் பார்க்கிற கோயில்பிள்ளை பிச்சைமுத்துவுக்கு அது தூக்கத்திலும் தப்பாது. ஆனால் ஆவணி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஐந்தாவது அடியோடு கயிற்றை விட்டுவிட்டார். வயலில் குனிந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து கோயில் பக்கம் பார்த்தார்கள். கீரனூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையில் தகரப்பெட்டியோடு கோயில் வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தவன் தைரியநாதன். தைரியநாதன் செத்துப் பத்து வருசம் ஆகியிருந்தது.

செத்துப்போனான் என்று ஊருக்குச் சொன்னவரே பிச்சைமுத்துதான். ஆவூருக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு பேரும் ஒரே கப்பலில் மலாயாவுக்குப் போனார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களைச் சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் சயாம் காட்டுக்கு ரயில் ரோடு போட ஓட்டிக்கொண்டு போனான். நாற்பத்தாறில் பிச்சைமுத்து மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, தைரியநாதன் கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தை அவன் பெண்சாதி மரிய செல்வி கையில் கொடுத்தார். "காலரா தங்கச்சி. என் கையாலதான் மண்ணு தள்ளுனேன்" என்றார்.

உடம்பு கிடைக்காத சாவுக்கும் ஊரில் ஒரு முறை உண்டு. பிணம் தூக்கும் தூம்பாவுக்குள் தைரியநாதனின் கல்யாண வேட்டியை மடித்து வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் வேட்டியைப் புதைத்துச் சிலுவை நட்டார்கள். அன்றைக்குத் தூம்பாவைக் கட்டிக்கொண்டு பிச்சைமுத்து அழுத அழுகையைப் பார்த்துத்தான் பங்குச் சாமியார் அவருக்குக் கோயில்பிள்ளை வேலையைக் கொடுத்தார். இப்படிச் சொன்னால் பிச்சைமுத்துவுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், நடந்தது அதுதான்.

தகரப்பெட்டியை இறக்கி வைத்தவனைத் தொட்டுப் பார்க்க முதலில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மரிய செல்வி மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து, அவன் முகத்தைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, பிறகுதான் ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் ஊருக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உசுரோட இருக்கவனுக்குக் காரியம் பண்ணுன ஒரே கோயில்பிள்ளை நம்மாளுதான்!" என்று பிச்சைமுத்துவைக் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். காலராச் சமயத்தில் எவன் செத்தான், எவன் கிடக்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்று அவர்களே அவருக்குச் சமாதானமும் சொன்னார்கள்.

தைரியநாதன் மணிக்கூண்டுப் படியில் ஏறி வந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணே" என்றான். "எனக்கு அந்த நாளு ஒண்ணுமே ஞாபகமில்லண்ணே." பிடித்த கை சில்லென்று இருந்தது. பிடித்த இடம் அதே இடம்.

பிச்சைமுத்துவுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் சாகவில்லை. ஜப்பான் சோல்ஜர் துப்பாக்கிக் கட்டையால் இடித்து, கிடப்பவனையெல்லாம் குழிக்குள் தள்ளச் சொன்னான். தள்ளும்போது தைரியநாதனின் கை இந்த மணிக்கட்டைப் பிடித்தது. பிச்சைமுத்து விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தூக்கினார். அதற்குமேல் அவர் நினைக்க மாட்டார். அந்த இடம் வந்தால் மனசை வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஊருக்குத் திரும்பிய ஏழு வருசமாக, சாமியார் காதில் சொல்லும் ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் கோபத்தையும் பொய்யையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு நற்கருணை வாங்கினார். வந்தவன் வாயைத் திறந்தால் கோயில் சாவி போகும், ஊரில் தலை நிமிர்ந்து நடப்பது போகும். ஞாபகமில்லை என்று ஒருவன் தானாகவே வந்து சொன்னால், அதை நம்புகிற அளவுக்கு அவர் வெள்ளந்தி இல்லை.

குழியிலிருந்து எப்படியோ தவழ்ந்து வெளியே வந்தவனை, மூங்கில் வெட்டும் ஒரு சயாம்காரக் குடும்பம் தூக்கிப்போய்க் கஞ்சி ஊற்றி வைத்திருந்ததாம். ஒரு வருசம் தன் பேரே அவனுக்கு ஞாபகம் இல்லையாம். பிறகு பாங்காக் பட்டணத்தில் சினிமாக் கொட்டகை வேலை. ஊருக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறான், எந்தக் கடலில் விழுந்ததோ வந்து சேரவில்லை. காசு சேர்த்து, பினாங்கு வந்து கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, இதோ வந்துவிட்டான்.

கொட்டகையில் அவனுக்கு ரீல் தூக்கும் வேலை. ஒரே படத்தை ஒரே நாளில் இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே பறக்க வேண்டும். அந்த ஊர்ப் படத்தில் சத்தம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஆம்பளை, பொம்பளை, குழந்தை, நாய், பேய் எல்லாவற்றுக்கும் தானே பேசுவான். தைரியநாதன் நாலு வருசம் அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். அவன் சயாமிலிருந்து கொண்டுவந்த சொத்து அந்த வித்தைதான். தகரப்பெட்டிக்குள் இரண்டு சட்டைக்குமேல் ஒன்றும் இல்லை.

சந்தைப் பொட்டலில் டென்ட் கொட்டகை போட்டிருந்த ஆண்டியப்பன் இதை மோப்பம் பிடித்துவிட்டார். ஒரே மிஷினை வைத்துக்கொண்டு ஓட்டுகிற கொட்டகை அது. ரீல் மாற்றுகிற நேரமெல்லாம் சனம் விசில் அடிக்கும், மண்ணை வாரி எறியும். அந்த இடைவெளியில் சயாம் பேய்ப் படம் சொல்லத் தைரியநாதனை மைக் முன்னால் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் பிய்த்துக்கொண்டு போனது. சனம் ரீலுக்காகக் காத்திருந்தது போய், ரீல் எப்போது அறுந்துபோகும் என்று காத்திருக்க ஆரம்பித்தது.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க" என்று ஆரம்பித்தான் முதல் ஞாயிறன்று. "நம்மூருப் பேயி வெள்ளச் சேல கட்டும், கொலுசு போடும். தூரத்துலயே தெரிஞ்சுக்கிட்டு ஓடிறலாம். சயாம் பேயி அப்பிடி இல்ல. சோறாக்கும், துணி தொவைக்கும், ஒன் பக்கத்துல ஒக்காந்து வெத்தல போடும். அது பேயின்னு ஒனக்கே தெரியாது. அதான் அந்தப் படங்கள்ல உள்ள ருசி."

"அப்ப எந்தப் படத்தப் பாக்கணும்கிற?" என்று ஒருவன் கத்தினான்.

"வரிசை தப்பக் கூடாது. புதுசாப் பாக்கறவன் வாழைத்தோப்புக்காரியப் பாக்கணும். குலை தள்ளாத வாழைக்குள்ள ஒரு பொண்ணு இருக்கா, பச்சைச் சேல. ஒருத்தன் ஆசப்பட்டு மரத்துக்குத் தாலி கட்டிருறான். அதுல சிரிக்கவும் எடம் இருக்கு, பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாம். அது பழகுனாத்தான் ரெண்டாவது. பொழுது சாய்ஞ்சா ஒருத்தியோட தல மட்டும் கழண்டு, குடல் தொங்கத் தொங்க எர தேடிப் போகும். முண்டம் வீட்டுல படுத்திருக்கும். புருசன்காரன் பக்கத்துல குறட்ட விட்டுக்கிட்டு இருக்கான், பாவம். மீச மொளைச்சவன் பாக்கலாம், மாசமா இருக்கறவங்க வேணாம்."

"மூணாவது?"

அவன் கூட்டத்தைத் தாண்டி, ஓரத்துக் கம்பத்தில் சாய்ந்து நின்ற பிச்சைமுத்துவைப் பார்த்தான். வர மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தவனும் அவன்தான். "மூணாவதுதான் இருக்கறதுலயே பெரிய படம். எனக்கு உசுரு. அத எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். அண்ணனுக்குன்னே வச்சிருக்கேன்" என்றான்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பிச்சைமுத்துவும் பல்லைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாழைத்தோப்புக்காரியை இரண்டு ஞாயிறு சொன்னான், தலைக்காரியை மூன்று ஞாயிறு சொன்னான். ஒவ்வொரு ஞாயிறும் முடிக்கும்போது, "அண்ணனோட படம் பாக்கி இருக்கு" என்று ஞாபகப்படுத்தினான். வாரநாளில் காலையும் மாலையும் மணிக்கூண்டுப் படிக்கு வந்து, பிச்சைமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, எழுந்து போகும்போது அவர் மணிக்கட்டை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனான். எப்போதும் அந்தக் கை சில்லென்றுதான் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இவன் வரவே இல்லையோ? குழிக்குள் போனது போனதுதானோ? சோறு உண்டு, துணி துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவது எது என்று அவனே மைக்கில் சொல்லிவிட்டானே! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிச்சைமுத்துவுக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்தது. தைரியநாதன் வெயிலில் நடந்து வந்தால் அவர் முதலில் பார்த்தது அவன் காலைத்தான், அப்புறம் நிழலை. "என்னங்க, ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறீங்க? அந்தோணியார் கோயிலுக்கு நேந்துக்கவா?" என்று அவர் வீட்டுக்காரி வியாகுலமேரி கேட்டாள். வயிற்று வலி என்று சொல்லி அவள் வாயை அடைத்தார்.

பேயா மனுசனா என்று பார்க்கக் கோயில்பிள்ளைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாமியார் மந்திரித்து வைத்த தீர்த்தத்தில் அரைச் செம்பு எடுத்து, வியாகுலமேரி வைத்த சுக்குக் காப்பியில் ஊற்றிக் கலந்தார். தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்புப் போடுவார்கள் என்பது, வாரம் தவறாமல் அந்த உப்பை எடுத்து நீட்டுகிற அவருக்கே அப்போது மறந்துபோயிற்று. பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும். தம்ளரை நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். புகையும் என்று நினைத்தாரோ, அலறும் என்று நினைத்தாரோ.

தைரியநாதன் ஒரு மடக்குக் குடித்தான். முகம் கோணியது. பிச்சைமுத்து இன்னும் ஓரடி பின்னால் போனார்.

"என்னண்ணே, காப்பி உப்புக் கரிக்குது?"

"அது... பாத்திரம் சரியாக் கழுவல போல" என்றார்.

"பரவால்ல, நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தம்ளர் ஊத்துங்க."

அப்பாடா, மனுசன்தான் என்று அவருக்கு மூச்சு வந்தது. அரை மணி நேரம்கூட அது நிலைக்கவில்லை. பேய் என்றால் ஓட்டுவதற்கு மந்திரம் இருக்கிறது, சாமியார் இருக்கிறார். மனுசன் என்றால், எல்லாம் ஞாபகம் இருந்தும் காத்திருக்கிற மனுசனை எந்தத் தீர்த்தம் போட்டு ஓட்டுவது? அன்றைக்குச் சாயங்காலம் அவர் பயம் முன்னைவிட இரண்டு பங்காகியிருந்தது.

ஐப்பசி அடைமழையில், புனிதர்கள் எல்லோருக்குமான சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். மழைக்குக் கூட்டம் குறையும் என்று பயந்த ஆண்டியப்பன், மூன்றாவது படம் இன்றைக்கு என்று தண்டோரா போட்டுவிட்டார். டென்ட் துணி அங்கங்கே ஒழுகியது. தரையெல்லாம் ஈரம், சாக்கை விரித்துச் சனம் நெருக்கி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ரீல் முடிந்ததும் தைரியநாதன் மைக்கைப் பிடித்தான்.

"ரெண்டு கூட்டாளிங்க. தேக்கு மரம் வெட்டக் காட்டுக்குப் போறாங்க. ஒருத்தனுக்குக் காச்சக் கண்டு கெடக்கான். இன்னொருத்தன் குழி வெட்டி அவன மூடிட்டு ஊருக்கு வந்துருறான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "மூடுனவனுக்குப் பின்னாலயே மூடப்பட்டவனும் நடந்து வாரான். தான் செத்தது அவனுக்குத் தெரியாது. ஊருக்குள்ள வந்து தெனம் ஒரு வீட்டு வாசப்படியில ஒக்காருறான். அடிக்கல, மெரட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேக்குறான்."

அப்போது அவன் வாயிலிருந்து வந்த குரல் அவனுடையது இல்லை. தொண்டைக்குள் ஈர மண் அடைத்த குரல். "என்னய மூடுனது யாரு?"

பெண்கள் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. பிச்சைமுத்து கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நானில்ல நானில்லன்னு ஊரே சொல்லுது. நெசத்தச் சொன்ன வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போறான். கடைசியா ஒரே ஒரு வீடு பாக்கி. கூட்டாளி வீடு. அவன் கதவத் தாழ்ப்பாப் போட்டுட்டு உள்ள தரையில கைய ஊனி ஒக்காந்திருக்கான். கதவுக்கு அடியில சின்னச் சந்து. அதுக்குள்ள மொதல்ல ஒரு வெரலு வருது. அப்பறம் இன்னொண்ணு. கை முழுசா உள்ள வந்து, தரையத் தடவித் தடவி, ஒக்காந்தவனோட மணிக்கட்டத் தேடுது..."

பிச்சைமுத்துவின் வேட்டி நனைந்தது. மழைத் தண்ணீர் என்று பக்கத்தில் நின்றவன் நினைத்திருப்பான்.

"அவ்வளவுதான், ரீல் முடிஞ்சிருச்சு" என்றான் தைரியநாதன் தன் சொந்தக் குரலில்.

"யோவ், முடிவச் சொல்லுய்யா!"

"நெசமாத் தெரியாதுப்பா. கடைசி ரீல் ஓடறப்ப நான் முந்தின ரீலச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு அடுத்த கொட்டாய்க்கு ஓடணும். நாப்பது தடவ பாத்த படம், ஒருநாளும் முடிவு பாத்ததில்ல. நம்ம அண்ணனக் கேட்டாத் தெரியும்!"

சனம் பிச்சைமுத்துவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இருட்டாக இருந்ததால் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை. நாளைக்கு விடிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தார். மலாயாவிலிருந்து ஓடி வந்தவன் மறுபடி எங்கே ஓடுவது?

காலையில் மழை விட்டிருந்தது. சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போக, பிச்சைமுத்து தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ஊரே மெழுகுதிரி ஏற்றியிருந்தது. மூன்றாவது வரிசையில், தன் பேர் எழுதிய சிலுவைக்குப் பக்கத்திலேயே தைரியநாதன் நின்றுகொண்டிருந்தான். சிலுவையைப் பிடுங்கிவிடலாம் என்று ஊரார் சொன்னபோது, இருக்கட்டும், பின்னால் உதவும் என்று அவன்தான் தடுத்திருந்தான். மரிய செல்வி கத்திரிப்பூ நிறச் சேலையில் கூட நின்றாள். சாமியார் ஒரு சிரிப்போடு அந்தக் கல்லறையைத் தாண்டிப் போனார். பிச்சைமுத்துவும் தாண்டப் பார்த்தார். மணிக்கட்டில் கை விழுந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நேத்தே கேக்க நெனச்சேன், கூட்டத்துல முடியல."

"கேளு" என்றார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. நான் முழிச்சப்ப மூஞ்சி மேல கோணிச்சாக்கு. அது மேலதான் மண்ணு. வாய்க்குள்ள, மூக்குக்குள்ள ஒரு பொட்டு மண்ணு போகல. சாக்குக்குள்ள காத்து இருந்துச்சு. அதாலதான் பொழச்சேன். அந்தச் சாக்கப் போட்டது யாரு? நீங்கதானே?"

"ஆமா."

தைரியநாதன் கண் கலங்கிவிட்டது. "தெரியும்ணே. தெரியும். ஜப்பான்காரன் தலைக்கு மேல நிக்கிறான், வேற வழி இல்ல. அப்பயும் இவனுக்கு மூச்சு இருக்கு, மூச்சு விட வழி வைப்போம்னு நெனச்சீங்க பாத்தீங்களா? இதச் சொல்லத்தான்ணே கப்பலேறுனேன். இவளப் பாக்க வந்தேன்னு இவகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டும் நெசந்தான்."

மரிய செல்வி ஈர மண்ணில் முழங்கால் போட்டு அவர் காலைத் தொட்டாள். "ஏழு வருசம் தாலிய எறக்கி வச்சிருந்தேன். ஒங்க மேல வருத்தமும் இருந்துச்சுங்கண்ணே. மன்னிச்சிருங்க" என்றாள்.

"அந்தப் படத்துக்கு முடிவு நானே கட்டிட்டேன்" என்றான் தைரியநாதன். "ஒங்கள வச்சுத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை சொல்றேன், பாருங்க."

பிச்சைமுத்துவின் பயம் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது. அடி விழும் என்று முதுகைக் காட்டி நின்றவன் கழுத்தில் மாலை விழுந்திருக்கிறது. ஆனால் அவர் இத்தனை வருசம் நினைக்காமல் திருப்பிவிட்ட அந்த இடத்தை அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டிவிட்டான். சாக்கு போட்டது நிசம். மூச்சுக்காகப் போடவில்லை. குழிக்குள் கிடந்தவன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிற கண்மேல் மண் தள்ளக் கை வரவில்லை. அந்தக் கண்ணை மறைக்கத்தான் சாக்கைத் தூக்கிப் போட்டார். இன்னொன்றும் இருந்தது.

சாக்குச் சேதி பரவி, அந்த வாரம் முழுக்க ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஒருத்தி பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டு, நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள். கும்பிட்ட ஒவ்வொரு கையும் அவருக்குக் கதவுச் சந்தில் நுழைகிற கையாகத் தெரிந்தது. பேய் பிடித்தாலாவது நாலு பேர் பிடித்துக் கட்டி வைப்பார்கள், இதற்கு யாரிடம் போவது?

ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பன் அவரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டென்ட் நிறைந்து வெளியிலும் சனம் நின்றது. அன்றைக்கு ரீல் மாறும் வரைகூடக் காத்திருக்கவில்லை, படம் போடுவதற்கு முன்பே தைரியநாதனை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். கதவுச் சந்தில் கை நுழைகிறது. மணிக்கட்டைப் பிடிக்கிறது. மண் அடைத்த குரல் கேட்கிறது: "என்னய மூடுனது யாரு?" கூட்டாளி கதவைத் திறந்துவிடுகிறான். நான்தான் என்கிறான். உடனே திரையில் பழைய நாள் தெரிகிறது. குழி, மழை, சோல்ஜர். கூட்டாளி குழிக்குள் குனிகிறான்.

"ம்க்கும்" என்று தைரியநாதன் தொண்டையைச் செருமினான். பேசுவதற்கு முன்னால் பிச்சைமுத்து செருமுவது அப்படித்தான். ஊர் அடையாளம் கண்டு சிரித்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. பிச்சைமுத்துவின் குரலேதான், மூக்கில் கொஞ்சம் இழுத்து, வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கி.

"தம்பி, பயப்படாத. மண்ணு மேலாகத்தான் போடுறேன். மூச்சுக்கு வழி வச்சிருக்கேன். உசுரு ஒனக்குப் போகாது. நான் இருக்கேன்ல."

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிச்சைமுத்துவுக்கு மயிர் கூச்செறிந்தது. தான் சொல்லாததைத் தன் குரல் சொல்கிறது. தன்னைவிட நல்லவன் ஒருவன் தன் தொண்டையோடு அங்கே மேடையில் நிற்கிறான். சனம் அவனைத்தான் கும்பிடுகிறது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால், செத்தாலும் அவன் தன்னை விடமாட்டான். சயாமிலும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

"நிறுத்து!" என்று எழுந்துவிட்டார்.

மைக் ஊளையிட்டு அடங்கியது. ஆயில் என்ஜின் மட்டும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அப்பிடிச் சொல்லல" என்றார். "ஒண்ணுமே சொல்லல. நீ கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்த. அந்தக் கண்ணப் பாத்துக்கிட்டு மண்ணு தள்ள முடியல எனக்கு. அதான் சாக்கப் போட்டேன். ஒனக்காகப் போடல. ஒனக்கு உசுரு இருக்குன்னு தெரிஞ்சுதான் தள்ளுனேன். என் உசுருக்குப் பயந்து தள்ளுனேன்."

மரிய செல்வி எழுந்து நின்றாள். தைரியநாதன் மைக்கிலிருந்து விலகி மேடை ஓரத்துக்கு வந்தான். அத்தனை பேய்க்கும் பேசிய வாயிலிருந்து ரொம்பச் சின்னக் குரல்தான் வந்தது.

"நான் ஏதாச்சும் சொன்னேனா?"

பிச்சைமுத்து டென்ட் வாசல் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க. என்ன சொன்னேன்?"

"தண்ணி கேட்ட."

"குடுத்தீங்களா?"

"இல்ல. என் டின்னுல ஒரு வாய் இருந்துச்சு. வச்சுக்கிட்டேன்."

தைரியநாதன் மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிச்சைமுத்துவுக்கு நாளைக் காலையில் சாமியார் முன்னால் சாவியை வைக்கப்போவது தெரிந்தது, வியாகுலமேரி அழப்போவது தெரிந்தது, இனி இந்த ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்பதும் தெரிந்தது. கால் தானாக நடந்தது. டென்ட் வாசலில் ஆண்டியப்பன் வைத்திருந்த மண்பானையில் ஒரு தம்ளர் மொண்டார். வழியில் பாதி சிந்தியது. மீதியைக் கொண்டுவந்து தைரியநாதன் முன்னால் நீட்டினார். அவன் அதை வாங்கவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து அவன் தம்ளரை வாங்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இதுல தீர்த்தம் கலக்கலையே?" என்றான்.

பிச்சைமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

அண்ணாந்து குடிக்காமல், உதடு வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்தான். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, மரிய செல்வியைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்தான். வாசலுக்குப் போனதும் திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்றான். எப்போதும் கூடவே சொல்கிற அண்ணே என்பதை அவன் அன்றைக்குச் சொல்லவில்லை.